எண் மாறாத சுவிட்ச்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ஆம் ஆண்டு நடந்த ஒரு கார் விபத்தில் ஓர் இளம்பெண் இறந்தார். அவர் ஓட்டியது ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 2005 மாடல் செவ்ரோலெட் கோபால்ட். மோதலுக்குச் சில நொடிகளுக்கு முன் சாவி ‘ரன்’ நிலையிலிருந்து ‘ஆக்சசரி’ நிலைக்கு நழுவிவிட்டதாகக் காரின் பதிவுக் கருவி காட்டியது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் அந்தக் காரின் இக்னிஷன் சுவிட்சைப் படம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார், பிரித்தும் பார்த்தார். சாவி ஏன் இவ்வளவு எளிதாகத் திரும்பிவிடுகிறது என்பது பிடிபடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் டீலர் ஒருவரிடம் ஏறத்தாழ 30 டாலர் கொடுத்துப் புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கிவந்தார். உறையில் அதே பார்ட் நம்பர். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தபோது, புதியதில் இருந்த சிறு முளை 1.6 மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது. அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் கூடுதலாக அழுந்தியிருந்தது. ஒரே எண்ணின் கீழ் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்பனையில் இருந்திருக்கின்றன.

சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று ஒரு பிடிப்புத் தெரியும். அந்தப் பிடிப்பைத் தருவது இந்த முளைதான்; ஸ்பிரிங் தள்ளத் தள்ள அது ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். சாவியை அந்த நிலையிலிருந்து அசைக்கக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த அளவு. சப்ளையரான டெல்ஃபி நிறுவனம் கொடுத்த சுவிட்ச் அந்த அளவை எட்டவில்லை. எட்டவில்லை என்று தெரிந்தே 2002-இல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, ஓட்டுபவரின் முழங்கால் பட்டாலோ, கார் ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ சாவி தானாகத் திரும்பக்கூடும். திரும்பினால் எஞ்சின் அணையும், பவர் ஸ்டியரிங்கும் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போகும். இவற்றோடு ஏர்பேக்குக்கும் மின்சாரம் நிற்கும். ஓட்டுநருக்கு ஏர்பேக் மிகவும் தேவைப்படும் நொடியில் அது விரியாது.

2006 ஏப்ரலில் அந்த சுவிட்சுக்குப் பொறுப்பான வடிவமைப்புப் பொறியாளர் ஒரு மாற்றத்துக்குக் கையெழுத்திட்டார். நீளமான முளை, வலுவான ஸ்பிரிங். குறையைச் சரிசெய்த, பொறியியல் நோக்கில் நல்ல மாற்றம் அது. ஆனால் பார்ட் நம்பரை அவர் மாற்றவில்லை. பின்னாளில் விசாரணையில் கேட்டபோது, அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே தமக்கு நினைவில்லை என்றார்.

எண் மாறாததன் விளைவு நிறுவனத்துக்கு உள்ளேயே முதலில் தெரிந்தது. ஏர்பேக் விரியாத விபத்துகளை ஆராய்ந்த உள்விசாரணைக் குழுவினர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். 2007 மாடல் வரை இந்தக் குறை தென்படுகிறது, 2008 மாடலிலிருந்து தென்படுவதில்லை. அப்படியானால் இடையில் ஏதோ மாறியிருக்கவேண்டும். சுவிட்ச் மாறியதா என்று கேட்டார்கள். இல்லை என்றார் பொறுப்பான பொறியாளர். பதிவேடுகளைப் பார்த்தார்கள், அங்கும் அதே பழைய எண்தான் இருந்தது. சுவிட்ச் மாறவில்லை என்றால் காரணம் சுவிட்ச் அல்ல என்று அவர்கள் வேறு இடங்களில் தேடப் போனார்கள். ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளிலும் பழைய சுவிட்ச் பொருத்திய கார்கள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கையில் இருந்த சான்றுகளிலிருந்து அவர்கள் சரியாகத்தான் தர்க்கம் செய்தார்கள். சான்று பொய்யாக இருந்தது. ஒரு பழுதான உதிரிபாகத்தைவிட, சொல்லாமல் செய்த நல்ல மாற்றம் எந்த விதத்தில் ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பழுதான பாகம் தேடினால் அகப்படும். சொல்லாமல் திருத்திய பாகமோ, பழுதைத் தேடுகிறவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது.

2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் அந்த எண் குறுக்கே வந்தது. பழைய சுவிட்ச் எந்தக் காரில் இருக்கிறது? 2007 வரை தயாரான கார்களில் என்று முதலில் சொன்னார்கள். ஆனால் பழைய சுவிட்சுகள் ஏறத்தாழ 95,000 உதிரிபாகமாக டீலர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் போயிருந்தன. அவற்றில் ஏறத்தாழ 90,000 பழைய கார்களைப் பழுதுபார்க்கவே பயன்பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். மீதிச் சில ஆயிரம், புதிய கார் ஒன்று பழுதுபார்க்க வந்தபோது அதில் ஏறியிருக்கலாம். அலமாரியில் பழையதும் புதியதும் ஒரே எண்ணோடு கலந்து கிடக்கும்போது, மெக்கானிக் எதை எடுத்துப் பொருத்தினார் என்று யார் சொல்ல முடியும்? எனவே மார்ச் மாத இறுதியில், நல்ல சுவிட்சோடு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த 2008 முதல் 2011 வரையிலான மாடல்களையும், அதாவது உலகெங்கும் ஏறத்தாழ 9,71,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. மொத்தம் 26 லட்சம் கார்கள். இந்தக் குறையால் 124 பேர் இறந்ததாக ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. 2015-இல் குற்ற வழக்கைத் தீர்க்க நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது.

ஒரு பொருளை உருவாக்கும்போது அதன் பாகங்கள் எவை, ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது, யார் அனுமதித்து எதற்காக எப்போது மாறியது, காகிதத்தில் எழுதியிருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்பவற்றை விடாமல் கவனித்துவருவதற்குக் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்று பெயர். வடிவமைப்புத் துறையில் இதை எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் உண்டு. வரைபவருக்கு மதிப்பு, வரைபடத்தின் ரெவிஷனைக் காப்பவருக்கு அந்த மதிப்பு கிடைப்பதில்லை. இது பெரும் தவறு என்றே நினைக்கிறேன். ஒரு காரை உருவாக்குவதில் பங்குகொள்ளும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மிஷிகனில் வரைந்தவருக்கும் இன்னொரு நகரத்தில் ஸ்பிரிங் சுற்றியவருக்கும் ஒரு டீலரின் பட்டறையில் அதைப் பொருத்தியவருக்கும் இடையே இருக்கும் ஒரே பேச்சு அந்த எண்தான். அது பொய் சொன்னால் அவர்களுக்குள் வேறு மொழி கிடையாது.

எப்போது எண்ணை மாற்றவேண்டும் என்பதற்குத் தொழிலில் நெடுங்காலமாக ஒரு விதி இருக்கிறது. வடிவம், பொருத்தம், செயல் ஆகிய மூன்றில் எதுவாவது மாறி, அதனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதையோ, புதியதை எடுத்துவிட்டுப் பழையதையோ யோசிக்காமல் போட முடியாது என்ற நிலை வந்தால் அது புதிய பாகம். அதற்குப் புதிய எண். இரண்டையும் எந்தப் பக்கமாகவும் மாற்றிப் போடலாம் என்றால் எண் அப்படியே இருக்கலாம், டிராயிங்கின் ரெவிஷன் எழுத்து மட்டும் ஒன்று முன்னே போனால் போதும். படத்தில் ஒரு குறிப்பைத் தெளிவாக்குவது, அளவைத் தொடாமல் எழுத்துப்பிழையைத் திருத்துவது போன்றவை இந்த இரண்டாம் வகை. கோபால்ட் சுவிட்சில் வெளிவடிவம் மாறவில்லை, பொருத்தமும் மாறவில்லை. அதே துளையில் அதே திருகுகளோடு கச்சிதமாக உட்கார்ந்தது. செயல்தான் மாறியது. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றாவதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பொருந்துகிறது என்றால் அதே பாகம்தான் என்று கை நம்பிவிடுகிறது.

அந்த விதியின் “எந்தப் பக்கமாகவும்” என்ற பகுதியைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பழைய காரில் புதிய சுவிட்சைப் போடலாம், அதில் தீங்கில்லை, நன்மைதான். அதனால் ஒத்துப்போகிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் புதிய காரில் பழைய சுவிட்சைப் போடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஒத்துப்போகும் மாற்றம் ஒத்துப்போகும் மாற்றம் ஆகாது, ஏனென்றால் ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு எது எந்தத் திசை என்று தெரிய வழியில்லை.

எண்ணை மாற்றிவிட்டால் வேலை முடிவதில்லை, அங்கிருந்துதான் அது தொடங்குகிறது. அந்தப் பாகத்தை உறுப்பாகக் கொண்ட மேல்நிலைத் தொகுப்பின் பாகப்பட்டியல் மாறவேண்டும். பட்டறைகளில் எல்லோரும் பாம் என்று சொல்லும் பட்டியல் அது. அந்தத் தொகுப்பும் இனி பழையதோடு ஒத்துப்போகாது என்றால் அதற்கும் புதிய எண் வேண்டும். இப்படியே படிப்படியாக, ஒத்துப்போகும் ஒரு நிலை வரும்வரை மேலே ஏறவேண்டும். கையிருப்பில் இருக்கும் பழைய பாகங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டும்: தீரும்வரை பயன்படுத்தலாமா, திருத்தி எடுக்கலாமா, உடைத்துப் போடவேண்டுமா? சப்ளையரிடம் பாதி முடிந்து கிடப்பவற்றுக்கும் இதே கேள்வி. எந்த வரிசை எண்ணிலிருந்து, அல்லது எந்தத் தேதியிலிருந்து புதியது நடைமுறைக்கு வரும் என்று எழுதிவைக்கவேண்டும். விமான உற்பத்தியில் இதை ஒவ்வொரு விமானத்தின் வரிசை எண்ணோடும் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரே மாடல், ஒரே நிறம், அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு விமானங்களுக்குள் இருக்கும் வேறுபாடுகள் முப்பது ஆண்டு கழித்துப் பராமரிப்பவருக்கும் தெரியவேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகம், சர்வீஸ் கையேடு, சோதனை நிரல் எல்லாம் அந்த வரிசை எண்ணைப் பின்தொடர்ந்து மாறவேண்டும்.

இவ்வளவு வேலை இருப்பதால்தான் ஆட்கள் தவிர்க்கிறார்கள். அம்பத்தூரிலோ ஓசூரிலோ ஒரு வாகன நிறுவனத்துக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஈ.சி.என். வந்தால், அதாவது பொறியியல் மாற்ற அறிவிப்பு வந்தால், புதிய டிராயிங்கைப் பதிவுசெய்து, பழைய பிரதிகளை மெஷின் ஓரங்களிலிருந்து திரும்பப் பெற்று, கேஜ்களைச் சரிபார்த்து, மாதிரிகளை அளந்து, ஒப்புதலுக்கு மறுபடியும் சமர்ப்பித்து, அதன்பின்தான் உற்பத்திக்குப் போகமுடியும். அதே நேரம் அனுப்பவேண்டிய சரக்கு நாளைக்குப் போகவேண்டும். “சின்ன மாற்றம்தானே சார், நல்லதுக்குத்தானே” என்ற சொல் அப்போது பிறக்கிறது. அதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர், பெரும்பாலும் வேலையில் அக்கறையுள்ளவர்கள்தாம். வழிமுறை தாங்கமுடியாத சுமையாக இருந்தால் நல்லவர்கள்கூடப் பக்கவழி தேடுவார்கள் என்பதை நிர்வாகம் ஒப்புக்கொள்ளவேண்டும். அமெரிக்க ராணுவக் கொள்முதலில் இதற்காகவே மாற்றங்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். செயல், பாதுகாப்பு, விலை போன்றவற்றைத் தொடும் மாற்றம் முதல் வகுப்பு, அதற்கு வாங்குபவரின் ஒப்புதல் வேண்டும். மற்றவை இரண்டாம் வகுப்பு, தயாரிப்பாளரே செய்துகொள்ளலாம். சிறியவற்றுக்குச் சுருக்கமான பாதை இருந்தால்தான் பெரியவற்றுக்கான நீண்ட பாதையை மக்கள் மதித்து நடப்பார்கள். எது சிறியது என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் மாற்றம் கேட்பவர் ஒருவரின் கையில் விட்டுவிடக்கூடாது.

எப்போதிலிருந்து கட்டுப்படுத்துவது என்பதும் முக்கியம். ஒரு பொருள் இன்னும் கற்பனையாக இருக்கும்போது, வடிவமைப்பாளர் காலையில் வரைந்ததை மாலையில் அழிக்கவேண்டும். அப்போதே படிவமும் குழுவும் வந்தால் சிந்தனை செத்துப்போகும். ஆனால் அடுத்தவர் அந்தப் படத்தை நம்பி வேலை தொடங்கிய கணத்தில் நிலைமை மாறுகிறது. அச்சு செய்பவர் இரும்பை வெட்டத் தொடங்கிவிட்டார், மென்பொருள் எழுதுபவர் அந்த சென்சாரின் அளவுகளை நம்பிக் கணக்கு எழுதிவிட்டார் என்றால், அன்றைய நிலையை முறையாக அறிவித்து நிறுத்தவேண்டும். இதைத்தான் பேஸ்லைன் என்கிறார்கள். பேஸ்லைன் போட்ட பிறகும் மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். ஆனால் எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்பது இனிமேல் பொதுச்சொத்து.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இந்தப் பிரச்சினை தங்களுக்குத் தீர்ந்துவிட்டதாக எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் யார் எப்போது மாற்றினார்கள் என்று ‘கிட்’ போன்ற கருவிகள் பதிந்துவைக்கின்றன, உண்மைதான். ஆனால் களஞ்சியத்தில் இருப்பது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இருப்பது வேறு. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்கியது. அதற்காக நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன்னுடைய எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியது. ஏழில் ஏறியது, எட்டாவதில் ஏற்ற மறந்துபோனார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆள் யாரும் இல்லை, சரிபார்க்கவேண்டும் என்ற விதியும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல்பகுதி அகற்றப்படாமல் இருந்தது. புதிய நிரலை இயக்குவதற்கு, பவர் பெக்கை இயக்கிய அதே பழைய குறியீட்டையே மறுபடி எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். கோபால்ட் சுவிட்சில் நடந்ததேதான் இங்கும்: ஒரே அடையாளம், இரண்டு பொருள். சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன, எட்டாவது நிறுத்தமில்லாமல் வாங்கவும் விற்கவும் தொடங்கியது.

அடுத்து நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். கோளாறு எங்கே என்று தெரியாத நிலையில், புதிய நிரல்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்து, அதை ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். உடனே அந்த ஏழும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின. எந்தக் கணினியில் எது இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லும் பதிவு இருந்திருந்தால் அவர்கள் கைவைத்திருக்கவேண்டியது ஒரே சர்வரில். சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக்கின் பெயரைச் சொல்லும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன. அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். நிறுவனம் அடுத்த ஆண்டு இன்னொன்றோடு இணைந்துபோனது.

இதுவரை பார்த்த இரண்டிலும் மாற்றத்தைப் பற்றி உரியவர்களுக்குத் தெரியாமல் போனது. தெரிந்து, எழுதி, கையெழுத்தான மாற்றமும் பாதை தவறக்கூடும். அதைப் பார்க்க அப்போலோ திட்டத்துக்குப் போகவேண்டும். கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் முறையாக வளர்ந்தது அமெரிக்க விமானப்படையின் ஏவுகணைத் திட்டங்களில். மினிட்மேன் ஏவுகணைத் திட்டத்தை நடத்திய சாமுவேல் ஃபிலிப்ஸ் நாசாவுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். 1964-இல் அப்போலோவுக்கென்று ஒரு கையேடும் வெளிவந்தது. கையேடு வந்துவிட்டதால் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பற்றி கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் இறந்தார்கள். விசாரணைக் குழு தீயின் காரணங்களோடு இன்னொன்றையும் எழுதியது. கலம் தொழிற்சாலையிலிருந்து நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது செய்துமுடிக்காத முக்கியப் பொறியியல் ஆணைகள் 113. ஒப்படைத்த பின் வந்த ஆணைகள் 623. அவற்றில் 22, விபத்து நடந்த நாளில் பதிவேடுகளிலேயே ஏறியிருக்கவில்லை. விண்வெளி வீரர்கள் உட்கார்ந்திருந்த கலம் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காகிதத்தைப் பார்த்து யாரும் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஆண்டு விண்கலத் திட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் லோ ஒரு மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூடினார்கள். பொறியியல் பிரிவின் மேக்ஸ் ஃபாகெட், பறத்தல் கட்டுப்பாட்டின் கிறிஸ் கிராஃப்ட், வீரர்களின் தரப்பில் டீக் ஸ்லேட்டன், கலங்களைக் கட்டிய நிறுவனங்களின் மேலாளர்கள் என்று, மாற்றம் யாரைத் தொடுமோ அவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். மாற்றம் உண்மையிலேயே தேவையா, மற்ற பாகங்களை என்ன செய்யும், கணினி நிரலை என்ன செய்யும், வீரர்களை என்ன செய்யும், எவ்வளவு எடை கூடும், எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார்கள். வாக்குவாதம் கடுமையாக நடக்கும். முடிவை லோ எடுப்பார், பெரும்பாலும் அங்கேயே, அதை விரும்பாதவர்களின் முன்னாலேயே காரணம் சொல்லி எடுப்பார். 1967 ஜூனிலிருந்து 1969 ஜூலை வரை 90 முறை கூடி 1,697 மாற்றங்களைப் பரிசீலித்து 1,341-க்கு ஒப்புதல் கொடுத்தார்கள். மாற்றக் கட்டுப்பாடு என்றால் மாற்றத்தைத் தடுப்பது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும். நிலவுக்குப் போகும் அவசரத்தில், ஐந்தில் ஏறத்தாழ நான்கை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவற்றின் பின்விளைவுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். உள்நோக்கித் திறந்த கதவை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றியது போன்ற திருத்தங்களால் கலத்தின் எடை கூடியது. எடை கூடியதால் அதைக் கடலில் இறக்கும் பாராசூட் அமைப்பையே மாற்றவேண்டி வந்தது. கதவை மட்டும் பார்க்கிறவருக்குப் பாராசூட் தெரியாது. அதற்காகத்தான் அந்த அறை.

ஆனால் அந்த அறைக்கு வராத கேள்வி ஒன்று இருந்தது. லோவின் குழு அமைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது முடிந்த விஷயமாகக் கருதப்பட்டிருந்தது. விண்கலத்தின் ஆக்ஸிஜன் தொட்டிகளுக்குள் ஒரு ஹீட்டரும், வெப்பம் மீறினால் அதை அணைக்கும் தெர்மோஸ்டாட் சுவிட்சுகளும் உண்டு. 1962-இல், விண்கலத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனம், தொட்டியைச் செய்த பீச் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்குக் கொடுத்த விவரக்குறிப்பில் மின்னழுத்தம் 28 வோல்ட். ஏவுதளத்தில் தொட்டியில் விரைவாக அழுத்தமேற்ற 65 வோல்ட் பயன்படும் என்று 1965-இல் நார்த் அமெரிக்கன் விவரக்குறிப்பைத் திருத்தியது. திருத்தம் முறைப்படி எழுதப்பட்டது, பீச்சுக்கும் போனது. ஆனால் தெர்மோஸ்டாட் சுவிட்சுகளுக்கான விவரக்குறிப்பை பீச் திருத்தவில்லை. அது விடுபட்டதை நாசாவும் கவனிக்கவில்லை, நார்த் அமெரிக்கனும் கவனிக்கவில்லை. அந்தச் சுவிட்சுகளை மின்சுமையோடு திறந்து மூடிப் பார்க்கும் சோதனையும் எங்கும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதே சுவிட்சுகளோடு பல அப்போலோ கலங்கள் பறந்து பத்திரமாகத் திரும்பின, ஏனென்றால் சாதாரண இயக்கத்தில் அந்தச் சுவிட்ச் திறக்கவேண்டிய தேவையே வரவில்லை.

அப்போலோ 13-க்கு வந்த இரண்டாம் எண் தொட்டி முதலில் அப்போலோ 10-க்காகப் பொருத்தப்பட்டது. 1968 அக்டோபரில் ஒரு மாற்றத்துக்காக அதைக் கழற்றியபோது, அகற்றாமல் விட்ட ஒரு போல்ட்டால் தொட்டிகளைத் தாங்கிய பலகை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. அந்த அதிர்ச்சியில் உள்ளே ஒரு குழாய் இணைப்புத் தளர்ந்திருக்கக்கூடும். 1970 மார்ச்சில் ஏவுதள ஒத்திகை முடிந்து தொட்டியைக் காலிசெய்ய முயன்றபோது ஆக்ஸிஜன் வழக்கமான வழியில் வெளியேறவில்லை. ஹீட்டரைப் போட்டுக் கொதிக்கவைத்து வெளியேற்றலாம் என்று முடிவெடுத்தார்கள். அறிவார்ந்த, பலரோடு கலந்துபேசி எடுத்த முடிவு. ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடியது. வெப்பம் 27 டிகிரி செல்சியஸை எட்டியதும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் திறக்க முயன்றது. 28 வோல்ட்டுக்குச் செய்த சுவிட்ச் அது, வந்ததோ 65 வோல்ட். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. அதன்பின் ஹீட்டரை அணைக்க உள்ளே எதுவும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த வெப்பமானியின் அளவுகோலோ அந்த 27 டிகிரியைச் சுற்றியே முடிந்துவிடும், அதற்குமேல் காட்டாது. உள்ளே குழாயின் ஒரு பகுதி 540 டிகிரி வரை போயிருக்கும் என்று பிறகு சோதனைகளில் கண்டார்கள். மின்கம்பிகளின் டெஃப்லான் உறை வெந்து உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்க்கத் தொட்டி நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 13 அன்று, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், தொட்டியைக் கலக்கும் விசிறியை வீரர்கள் இயக்கியபோது அந்தக் கம்பிகளில் பொறி பறந்தது. ஜிம் லவல், ஃப்ரெட் ஹைஸ், ஜாக் ஸ்விகர்ட் மூவரும் நிலவில் இறங்கும் கலத்தையே உயிர்காக்கும் படகாகக் கொண்டு திரும்பிவந்த கதை உலகறிந்தது. எட்கர் கார்ட்ரைட் தலைமையிலான விசாரணைக் குழு, தொட்டியின் காகிதங்களைப் பின்னோக்கிப் படித்துத்தான் 28-க்கும் 65-க்கும் இடையிலான இடைவெளியைக் கண்டுபிடித்தது. காகிதங்கள் இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1962-இன் குறிப்பும் 1965-இன் திருத்தமும் தேதியோடு பத்திரமாக இருந்தன. தொட்டி எந்தக் கலத்திலிருந்து எந்தக் கலத்துக்குப் போனது, எந்த நாளில் விழுந்தது என்பதெல்லாம் எழுதப்பட்டிருந்தது. கோபால்ட் சுவிட்சை ஆராய்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்ததை, இவர்கள் இரண்டு மாதத்தில் முடித்தார்கள்.

அடுத்த கலத்துக்கான மாற்றங்கள் உடனே தொடங்கின. தொட்டிக்குள் இருந்த விசிறிகளை எடுத்துவிட்டார்கள். மின்கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை போட்டார்கள். மற்ற இரண்டிலிருந்தும் விலகிய இடத்தில் மூன்றாவது ஆக்ஸிஜன் தொட்டி ஒன்றைச் சேர்த்தார்கள், அவசரத்துக்கு ஒரு கூடுதல் மின்கலத்தையும் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எடை, கம்பிப் பாதை, வீரர்களின் செயல்முறைப் பட்டியல் எல்லாம் மறுபடி கணக்கிடப்பட்டன. 1971 ஜனவரி 31 அன்று அப்போலோ 14 புறப்பட்டபோது, புதிய தொட்டிகளில் தெர்மோஸ்டாட் சுவிட்சுகள் இல்லை.